“எங்கள் ஊரில் புற்றுநோய் அதிகமா?” – கணக்கிட்டுப் பதில் சொல்லும் முழு வழிமுறை

இந்தக் கேள்வியோடு வருபவர்களின் கையில் பெரும்பாலும் ஒரு நோட்டு இருக்கும். தெருத் தெருவாகப் போய் எழுதிய பெயர்கள், இருபத்தைந்து முப்பது தேறும். அவர்களுடைய பயம் நியாயமானது, அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அந்த நோட்டை மட்டும் வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

நோட்டிலிருந்து பதில் வரை போகும் வழியைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். சமூக மருத்துவம் படிக்கும் மாணவர்கள், களப்பணியாளர்கள், செய்தியாளர்கள் எனப் பலரோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன். பெருக்கல் வகுத்தலில் யாரும் தவறியதில்லை. யாரை எண்ணுவது, எத்தனை பேரால் வகுப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் தவறுகிறார்கள். அதனால் படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நோயாளிகளின் பட்டியல். ஒவ்வொருவருக்கும் வயது, பால், முகவரி, அங்கே எத்தனை ஆண்டுகளாகக் குடியிருக்கிறார், எந்த உறுப்பில் நோய், முதன்முதலில் கண்டறிந்த தேதி, பயாப்ஸி (திசுப் பரிசோதனை) செய்தார்களா என்பது வேண்டும். வெறும் பெயரும் “கேன்சர்” என்ற சொல்லும் போதாது.

அதே ஊரின் மக்கள்தொகை, ஆண் பெண் தனித்தனியாக, ஐந்தைந்து வயதாகப் பிரித்தது. மொத்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு இறங்கினால் ஆறாவது படியில் நின்றுவிடுவீர்கள்.

ஒப்பிட ஒரு பதிவேடு, அதாவது ஒரு பகுதியில் வரும் புற்றுநோயாளிகளைத் தொடர்ந்து குறித்துவரும் ஏடு. இந்தியாவில் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981-இல் தொடங்கியது. அடையாறு புற்றுநோய் நிலையம் நடத்தும் சென்னைப் பதிவேட்டில் 1982 முதலான தரவு இருக்கிறது. அறிக்கைகளில் வயதுவாரி வீதங்கள் உள்ள பக்கங்களைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு எக்செல் தாள். பெயர்கள் உள்ள கோப்புக்குப் பூட்டுப் போட்டு, கணக்குத் தாளில் எண்களை மட்டும் வையுங்கள். பல வீடுகளில் நோயாளிக்கே தன் நோய் தெரியாமல் வைத்திருப்பார்கள். உங்கள் தாளிலிருந்து அது வெளியே கசியக் கூடாது.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

எந்தப் புற்றுநோய், ஆணா பெண்ணா, எந்த எல்லைக்குள், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை? இந்த நான்கும் வாக்கியத்தில் வர வேண்டும். ஐந்தாவதாக, எதை எண்ணுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

எண்ணக்கூடியவை மூன்று. ஓராண்டில் புதிதாக வந்தவர்களை எண்ணினால் நிகழ்வு வீதம். இன்று நோயோடு வாழ்பவர்களை எண்ணினால் நிலவும் வீதம். இறந்தவர்களை எண்ணினால் இறப்பு வீதம். நோட்டோடு வருபவர்கள் மூன்றையும் ஒரே பட்டியலில் கலந்திருப்பார்கள். போன மாதம் தெரியவந்தவர், பத்தாண்டுக்கு முன் சிகிச்சை முடிந்து நலமாக இருப்பவர், தாத்தா காலத்தில் இறந்தவர், எல்லோரும் அதில் இருப்பார்கள்.

ஊரில் நோய் கூடுகிறதா என்று கேட்டால் புதிய நோயாளிகளைத்தான் எண்ண வேண்டும். சிகிச்சை நன்றாக அமைந்து நோயாளிகள் நீண்ட நாள் வாழ்ந்தால் நிலவும் வீதம் ஏறும். அது நல்ல செய்தி, அதைப் பார்த்து நோய் கூடிவிட்டது என்று எழுதிவிடக் கூடாது.

2. யார் கணக்கில் வருவார் என்று முன்பே முடிவு செய்யுங்கள்

பட்டியலைப் பார்த்துக்கொண்டே விதி வகுத்தால், மனம் விரும்பும் பக்கம் விதி வளையும். ஆகவே பட்டியலைத் திறப்பதற்கு முன்பே இவற்றை எழுதி வைத்துவிடுங்கள்.

நோய் தொடங்கிய உறுப்புதான் கணக்கு. மார்பகத்தில் தொடங்கி நுரையீரலுக்குப் பரவினால் அது மார்பகப் புற்றுநோய்தான். நுரையீரல் பட்டியலில் அதைச் சேர்ப்பது புதியவர்கள் செய்யும் முதல் பிழை. மருத்துவமனைச் சீட்டில் பரவிய இடம் பெரிதாகவும் தொடங்கிய இடம் சின்னதாகவும் எழுதியிருக்கும். ஆகவே சீட்டை முழுவதும் படியுங்கள்.

தேதி என்றால் முதலில் கண்டறிந்த தேதி. பெரிய மருத்துவமனைக்குப் போன நாளோ இறந்த நாளோ கணக்கில் வராது.

குடியிருப்பு. இந்தியப் பதிவேடுகளில், கண்டறியும்போது அந்தப் பகுதியில் குறைந்தது ஓராண்டு வசித்திருக்க வேண்டும். சிகிச்சைக்காக உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர் அந்த ஊர்க் கணக்கில் வரமாட்டார். இதே காரணத்தால்தான் ஒரு மருத்துவமனையின் நோயாளி எண்ணிக்கையை வைத்து அந்த நகரத்தின் வீதத்தைக் கணக்கிட முடியாது. அடையாறுக்கும் வேலூருக்கும் எங்கிருந்தெல்லாம் வருகிறார்கள் என்று நமக்கே தெரியும்.

தீங்கற்ற கட்டிகளையும், தொடங்கிய இடத்தைத் தாண்டி இன்னும் ஊடுருவாத ஆரம்ப நிலைக் கட்டிகளையும் பொதுவாக நிகழ்வு வீதத்தில் சேர்ப்பதில்லை. ஒப்பிடப் போகும் பதிவேடு என்ன செய்திருக்கிறதோ அதையே நீங்களும் செய்யுங்கள்.

3. ஒரே ஆள் இரண்டு முறை வந்திருக்கிறாரா என்று தேடுங்கள்

இதற்கு மற்ற எல்லாப் படிகளையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். ஒரு நோயாளி பயாப்ஸிக்கு ஓரிடம், அறுவைக்கு இன்னோரிடம், கதிர்வீச்சுக்கு மூன்றாவது இடம் என்று போகிறார். மூன்று இடத்திலும் ஒவ்வொரு பதிவு.

கணினியில் பெயரை ஒப்பிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். திருமணமான பெண்ணுக்கு ஓரிடத்தில் அப்பாவின் தலைப்பெழுத்து இருக்கும், இன்னோரிடத்தில் கணவருடையது இருக்கும். லட்சுமி, லக்ஷ்மி, லெட்சுமி மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். மூன்று ஆட்களாகவும் இருக்கலாம். நான் செய்யும் வரிசை இது: முதலில் பால், உறுப்பு, ஊர் மூன்றும் ஒத்துப்போகும் பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவருவேன். பிறகு வயதில் மூன்று ஆண்டு வரை வித்தியாசத்தை அனுமதிப்பேன். கடைசியாகப் பெயரை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். காதுக்கு ஒன்றாகக் கேட்பவை கண்ணுக்கு வேறாகத் தெரியும்.

வயதிலும் ஒரு சிக்கல் உண்டு. வயது கேட்டால் நம் பெரியவர்கள் ஐம்பது, அறுபது என்று முழு எண்ணாகச் சொல்வார்கள். 50, 55, 60 ஆகிய வயதுகளில் குவியல் தெரிந்தால் ஆதார் அட்டையிலோ ரேஷன் அட்டையிலோ சரிபாருங்கள். இல்லாவிட்டால் வயதுவாரி வீதத்தில் இல்லாத மேடு பள்ளமெல்லாம் வந்துவிடும்.

4. எத்தனை பேரால் வகுப்பது என்று கண்டுபிடியுங்கள்

தொகுதியில் (பின்னத்தின் மேல் எண், அதாவது நோயாளிகள்) இருப்பவர்கள் எந்த மக்களிடமிருந்து வந்தார்களோ, அதே மக்கள்தான் பகுதியில் (கீழ் எண், அதாவது வகுக்கும் மக்கள்தொகை) இருக்க வேண்டும். ஒரே எல்லை, அதே ஆண்டுகள், அதே பால். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை ஆண்களும் சேர்ந்த மொத்த மக்கள்தொகையால் வகுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீதம் பாதியாகிவிடும்.

எல்லை மாறுவது பெரிய தொல்லை. சென்னை மாநகராட்சி 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. பழைய வேலூர் மக்கள்தொகையால் புதிய வேலூர் நோயாளிகளை வகுத்தால் நோய் குறைந்துவிட்டதாகத் தெரியும். குறைந்தது மாவட்டத்தின் பரப்பு.

2021-இல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 2011 எண்களிலிருந்து கணித்த மதிப்பீடுகளையே எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். எதிலிருந்து கணித்தீர்கள் என்று தாளின் மேலேயே எழுதிவிடுங்கள். சின்ன ஊர் என்றால் ஊராட்சியும் அங்கன்வாடியும் வைத்திருக்கும் குடும்பப் பதிவு இதைவிட உதவும்.

பல ஆண்டுகளைச் சேர்த்து எண்ணும்போது பகுதியில் ஆள்-ஆண்டுகள் வரும். 2,000 பேர் உள்ள ஊரைப் பத்தாண்டு கவனித்தால் 20,000 ஆள்-ஆண்டுகள்.

5. பதிவு முழுமையானதா என்று பாருங்கள்

இரண்டு இடங்களை ஒப்பிடும்போது, வீதம் குறைவாக இருக்கும் இடத்தில் நோய் குறைவா, பதிவு குறைவா என்று முதலில் கேளுங்கள். மகாராஷ்டிரத்தின் பார்சியில் 1987-இல் கிராமப்புறப் பதிவேடு தொடங்கியபோது, மருத்துவமனைகளை மட்டும் நம்பினால் ஆட்கள் விட்டுப்போவார்கள் என்பதால் களப்பணியாளர்கள் கிராமம் கிராமமாகப் போனார்கள்.

இரண்டு எண்களைப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். முதலாவது, திசுப் பரிசோதனையில் உறுதியானவர்களின் பங்கு. இது மிகக் குறைந்தால் நோய்க்கணிப்பில் சந்தேகம். நூறு சதவீதத்தை ஒட்டி இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். பரிசோதனைக் கூடத்திலிருந்து மட்டும் பெயர்களை எடுத்திருப்பார்கள், ஊசியால் திசு எடுக்க முடியாத நிலையில் வந்த கல்லீரல், கணையப் புற்றுநோயாளிகள் விட்டுப்போயிருப்பார்கள். இரண்டாவது, இறப்புக்கும் நிகழ்வுக்கும் உள்ள விகிதம். கணையம் போன்ற கொடிய நோயில் இது ஒன்றுக்கு அருகே இருக்க வேண்டும். மிகக் குறைவாக இருந்தால் இறப்புகள் பதிவாகவில்லை. இந்தியாவில் இது சாதாரணம், ஏனென்றால் பதிவாகும் இறப்புகளில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே மருத்துவர் காரணம் எழுதித் தருகிறார்.

6. வயதுவாரியாகப் பிரித்து வீதம் போடுங்கள்

வயதோடு புற்றுநோய் ஏறுகிறது என்பதை மறந்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண். ஒவ்வொரு ஐந்து வயதுப் பிரிவிலும் புதிய நோயாளிகளை அந்தப் பிரிவின் ஆள்-ஆண்டுகளால் வகுத்து லட்சத்தால் பெருக்குங்கள். வந்த எண்களை ஒரு கோடாக வரைந்து பாருங்கள். நடுவில் திடீரென்று குழி விழுந்தால் 3-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

இந்த இடத்தில் இரண்டு எண்கள் பலரைக் குழப்புகின்றன. பதிவேட்டுத் திட்டத்தின் மதிப்பீட்டின்படி 2022-இல் இந்தியாவில் புதிய நோயாளிகள் 14,61,427 பேர், அதாவது லட்சத்துக்கு 100.4. அதே ஆய்வு ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரக்கூடும் என்றும் சொல்கிறது. முதல் எண்ணின்படி ஓராண்டில் ஆயிரத்தில் ஒருவர், இரண்டாவதின்படி ஒன்பதில் ஒருவர். முரண் ஏதும் இல்லை. ஒவ்வொரு வயதிலும் உள்ள ஓராண்டு ஆபத்தை அடுத்தடுத்துக் கூட்டிக்கொண்டே போனால் வாழ்நாள் ஆபத்து கிடைக்கும், வேறு எதனாலும் இடையில் இறக்கவில்லை என்று வைத்துக்கொண்டு. “ஒன்பதில் ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கிறது” என்று தலைப்புப் போடுவது தவறு.

7. வயதைச் சீராக்கி ஒப்பிடுங்கள்

இரண்டு ஊர்களில் முதியவர்களின் பங்கு வேறானால், மொத்த வீதங்களை நேராக ஒப்பிடக் கூடாது. இதைப் பயிற்சி எண்களால் காட்டினால்தான் மனத்தில் நிற்கும்.

அ, ஆ என்று இரண்டு நகரங்கள், ஒவ்வொன்றிலும் லட்சம் பெண்கள். அ நகரத்தில் இளையோர் வேலைக்கு வெளியேறிவிட்டார்கள்: 30 வயதுக்குக் கீழ் 35,000, 30–59 வயதில் 42,000, 60-க்கு மேல் 23,000. ஆ தொழில் நகரம்: அதே வரிசையில் 52,000, 40,000, 8,000. ஓராண்டில் மார்பகப் புற்றுநோய் அ நகரத்தில் நடு வயதில் 21 பேருக்கும் முதியவர்களில் 23 பேருக்கும் வந்தது, மொத்தம் 44. ஆ நகரத்தில் 24-ம் 10-ம், மொத்தம் 34. இரண்டிலும் 30-க்குக் கீழ் யாரும் இல்லை.

மொத்த வீதம் லட்சத்துக்கு 44, 34. அ நகரம்தான் மோசம் என்று தோன்றும். வயதுவாரியாகப் பாருங்கள். நடு வயதில் அ 50, ஆ 60. முதியவர்களில் அ 100, ஆ 125. எந்த வயதை எடுத்தாலும் ஆ நகரத்தில்தான் வீதம் கூடுதல்.

இதைச் சரிசெய்ய, இரண்டு நகரங்களின் வீதங்களையும் ஒரே பொது மக்கள்தொகையின் மீது பொருத்த வேண்டும். பதிவேடுகள் பயன்படுத்தும் உலகப் பொது மக்கள்தொகையில் லட்சம் பேருக்கு 30 வயதுக்குக் கீழ் 56,000, 30–59 வயதில் 33,000, 60-க்கு மேல் 11,000 பேர். அ: 50 × 0.33 + 100 × 0.11 = 27.5. ஆ: 60 × 0.33 + 125 × 0.11 = 33.6. வரிசை தலைகீழாகிவிட்டது.

இங்கே மூன்றே பிரிவாக வைத்தது விளக்கத்துக்காக. நிஜ வேலையில் ஐந்து வயதுப் பிரிவுகளையே வையுங்கள், அகலமான பிரிவுக்குள் வயது வித்தியாசம் மீண்டும் ஒளிந்துகொள்ளும். இன்னொன்று, சீராக்கிய வீதம் ஒப்பிடுவதற்கு மட்டுமே. எத்தனை படுக்கை, எத்தனை மருத்துவர் வேண்டும் என்று திட்டமிட அ நகரத்துக்கு 44 நோயாளிகள் என்பதுதான் தேவையான எண்.

8. எண் எவ்வளவு ஆடும் என்று காட்டுங்கள்

நோயாளி எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு தற்செயலாகவே ஏறி இறங்கும். சுலபமான வழி: எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கி, இரு பக்கமும் வையுங்கள். 44-க்கு வர்க்கமூலம் 6.6, ஆக 31 முதல் 57 வரை. 34-க்கு 22 முதல் 46 வரை. இரண்டு எல்லைகளும் ஒன்றின் மேல் ஒன்று இவ்வளவு விழுந்து கிடக்கும்போது ஓராண்டுத் தரவை வைத்து ஆ நகரம் மோசம் என்று தீர்ப்பு எழுத முடியாது. சீராக்கிய வீதங்களுக்கும் இதே நிலைதான். மூன்று, ஐந்து ஆண்டுகளைச் சேர்த்து மீண்டும் போடுங்கள். பதிவேட்டு அறிக்கைகள் பல ஆண்டுகளைச் சேர்த்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

9. ஊர் சின்னதானால் எதிர்பார்க்கும் எண்ணைப் போடுங்கள்

இரண்டாயிரம் பேர் உள்ள ஊரில் ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் நோயாளிகள் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அங்கே ஏழாவது படியின் முறை நிற்காது. அதைத் திருப்பிப் போட வேண்டும். மாவட்டத்தின் வயதுவாரி வீதம் இந்த ஊருக்கும் பொருந்தினால் எத்தனை பேர் வந்திருப்பார்கள்?

மீண்டும் பயிற்சி எண்கள். ஊரில் 30-க்குக் கீழ் 900, நடு வயதில் 800, முதியவர்கள் 300. எல்லாப் புற்றுநோய்க்கும் சேர்த்து மாவட்ட வீதம் லட்சத்துக்கு 10, 130, 450 என்று கொள்வோம். பத்தாண்டில் எதிர்பார்ப்பது 0.9 + 10.4 + 13.5 = 24.8 பேர். இந்த எண்ணைக் கேட்டு அதிராதவர்களை நான் பார்த்ததில்லை. எந்தக் குறையும் இல்லாத ஊரிலும் பத்தாண்டில் இருபத்தைந்து பேர்.

நோட்டில் 31 பெயர். அதில் மூன்று தீங்கற்ற கட்டி, இரண்டு இரட்டைப் பதிவு, நான்கு பேர் காலத்துக்கோ எல்லைக்கோ வெளியே. மிச்சம் 22. எட்டாவது படியின் முறைப்படி 13 முதல் 31 வரை. 24.8 அதற்குள் அடங்குகிறது. மொத்தத்தில் கூடுதல் இல்லை.

இதோடு நிறுத்திவிடுவதுதான் நான் கண்டவற்றில் வருந்தத்தக்க பிழை. மொத்தம் சரியாக இருந்தாலும் உறுப்புவாரியாகப் பாருங்கள். அந்த 22 பேரில் ஆறு பேருக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய், எதிர்பார்ப்பது ஒன்று என்றால் அது தற்செயலாக நடக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. அதை விடக் கூடாது. புற்றுநோய் என்பது பல நோய்கள். ஒரே மூலத்திலிருந்து வருவது பெரும்பாலும் ஒரே வகையாகத் தெரியும், இருபது உறுப்பில் ஒன்றிரண்டாகச் சிதறி வராது.

எல்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோயாளிகள் இருக்கும் தெருக்களைச் சுற்றிக் கோடு போட்டால் எந்த ஊரிலும் கூடுதல் கிடைக்கும். வார்டு, ஊராட்சி என்று முன்பே இருந்த எல்லையையே எடுங்கள்.

10. கூடுதல் தெரிந்தால் வேறு விளக்கங்களைச் சோதியுங்கள்

முதலில் கேட்க வேண்டியது, புதிதாகத் தேடத் தொடங்கினார்களா என்று. தென் கொரியாவில் 1999-இல் தேசிய அளவில் புற்றுநோய்ப் பரிசோதனை தொடங்கியது. அதோடு சேர்த்துத் தைராய்டு ஸ்கேனும் பரவலானது. 2011-இல் தைராய்டு புற்றுநோய் நிகழ்வு 1993-இல் இருந்ததைப் போல் பதினைந்து மடங்கு. ஆனால் அதனால் இறப்பவர்களின் வீதம் அசையவில்லை. தீங்கு செய்யாமலே இருந்திருக்கக்கூடிய சின்னக் கட்டிகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள். நிகழ்வு ஏறும்போது இறப்பு வீதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிறகு காலம். திடக் கட்டிகள் உருவாகப் பொதுவாகப் பத்தாண்டுக்கு மேல் ஆகும், ரத்தப் புற்றுநோய் சற்று முன்னதாக வரலாம். மூன்றாண்டுக்கு முன் தொடங்கிய ஆலை இன்றைய குடல் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்க முடியாது.

11. காரணம் தேடும்போது நோயில்லாதவர்களையும் கேளுங்கள்

“நோய் வந்த எல்லோரும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள்” என்று சொல்வார்கள். நோய் வராதவர்களும் அதையே குடித்திருந்தால்?

பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் டாலும் ஹில்லும் லண்டன் மருத்துவமனைகளில் செய்து 1950-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் புற்றுநோய் வந்த 649 ஆண்களில் 647 பேர் புகைத்தவர்கள். பெரிய எண். ஆனால் வேறு நோய்களுக்காகச் சேர்ந்திருந்த 649 ஆண்களில் 622 பேரும் புகைத்தவர்களே. அந்தக் காலத்து லண்டனில் ஏறக்குறைய எல்லோரும் புகைத்தார்கள். புகைக்காதவர்களின் எண்ணிக்கையில்தான் விஷயம் இருக்கிறது, ஒரு பக்கம் 2, மறு பக்கம் 27. குறுக்கே பெருக்கி வகுத்தால் 647 × 27 ÷ (2 × 622), ஏறக்குறைய 14. இதுதான் ஆட்ஸ் ரேஷியோ: புகைத்தவர்களுக்கும் புகைக்காதவர்களுக்கும் உள்ள விகிதம், நோய் வந்தவர்களிடம் மற்றவர்களிடம் இருப்பதைப் போல் 14 மடங்கு. நோயாளிகளை மட்டும் கேட்டிருந்தால் இந்த 14 கிடைத்தே இருக்காது.

ஒப்பிட எடுப்பவர்கள் அதே ஊர், அதே வயது, அதே பாலாக இருக்கட்டும். இரு தரப்பிடமும் ஒரே கேள்விகளை ஒரே மாதிரி கேளுங்கள். நோய் வந்தவர் தன் கடந்த காலத்தைத் துருவித் துருவி நினைப்பார், நலமாக இருப்பவர் நினைக்கமாட்டார். அந்த வித்தியாசமே பொய்யான காரணத்தைக் காட்டிவிடும்.

12. பதிலை ஊரில் போய்ச் சொல்லுங்கள்

அறிக்கையைத் தபாலில் அனுப்பிவிட்டு விலகிவிடாதீர்கள். நோட்டைக் கொண்டுவந்தவர்களை உட்காரவைத்து, 31 எப்படி 22 ஆனது, 24.8 எங்கிருந்து வந்தது என்று படிப்படியாகக் காட்டுங்கள். பெயர்களை மட்டும் சபையில் படிக்காதீர்கள். சிறுநீர்ப்பைக் கூடுதல் போல ஏதாவது தெரிந்தால், அது இன்னும் காரணம் தெரியாத கூடுதல் என்று அப்படியே சொல்லி, பதிவேட்டுக்கும் மாவட்டச் சுகாதார அலுவலருக்கும் எழுத்தில் கொடுங்கள்.

கூடுதல் இல்லை என்று கணக்கு காட்டினாலும், “அப்போ தண்ணீர் நல்லா இருக்குன்னு அர்த்தமா?” என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டாயிரம் பேரின் கணக்கில் சின்னக் கூடுதல் எதுவும் தெரியாது. தண்ணீர் கெட்டிருக்கிறதா என்பதைத் தண்ணீரைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். கெட்டிருந்தால் அதைச் சரிசெய்யச் சொல்லி மனுப் போட எந்தப் புற்றுநோய் எண்ணிக்கையும் தேவையில்லை. மாதிரி எடுக்க வேண்டிய இடங்களை அன்றைக்கே அவர்களோடு நடந்து போய்க் குறித்துக்கொள்ளுங்கள்.